முழுப் பொருத்தம்

மருத்துவமனை அறையில் காலை வெயில் மேசைமேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. கிடங்கில் மூட்டை சுமக்கும் அக்கா, தலையில் சும்மாடு கட்டும் துண்டை மடியில் மடித்து மடித்துப் பிரிக்கிறாள். பக்கத்தில் தம்பி, சுண்ணாம்பாய் வெளுத்துப்போய். அவன் எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்று மாசக்கணக்காகிறது. அக்காவின் மஜ்ஜை ஒத்துவந்தால்தான் பிழைப்பான். "பொருத்தம் பாத்தாச்சு" என்கிறார் டாக்டரம்மா. "பொண்ணு யாருங்க?" என்று தம்பி கேட்க, அக்காவின் முழங்கை அவன் விலாவில் இறங்குகிறது. டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஒவ்வொரு செல்லும் தனக்குள்ள இருக்கறதுல ஒரு துணுக்கை வெளியில தூக்கிக் காட்டும். அந்தக் காட்டுற கையைச் செய்யறது ஹெச்.எல்.ஏ.ங்கற மரபணு. மஜ்ஜையில பொறக்கற காவல் அணுக்கள் அதைப் பாத்துத்தான் நம்மாளா வேத்தாளான்னு முடிவு பண்ணும்." அக்கா யோசிக்கிறாள். "கிடங்கு வாசல் கேட்டுல மூட்டைக்குள்ள குத்தூசிய விட்டு ஒரு பிடி அரிசி உருவிக் காட்டுவோமே, அது மாதிரியா?" "அதேதான். உங்க ரெண்டு பேருக்கும் அந்தக் கை அச்சு அசல் ஒண்ணு. உங்க மஜ்ஜையையே தம்பிக்கு வெச்சிடலாம்." சோற்றுத் தட்டிலிருந்து சன்னலோர சீட்டு வரை அடித்துக்கொண்டே வளர்ந்த இருவரும் திருதிருவென விழிக்கிறார்கள். அக்காவுக்குத்தான் முதலில் உறைக்கிறது. சும்மாட்டுத் துண்டில் மூக்கைச் சிந்துகிறாள். சிந்தியதும் குரல் பழையபடி ஏறுகிறது. "கேட்டுக்கடா, இனிமே உன் உடம்புல காவலுக்கு நிக்கப்போறது என் ஆளுங்க. ஒழுங்கா இரு." தம்பியின் வெளுத்த உதடு காதுவரை போகிறது. "அய்யோ டாக்டர், அப்ப இனிமே உள்ளேருந்தும் திட்டு விழுமா?"