ராசி பார்க்கக் கொடுத்தது

அந்த நகை மாளிகையில் வைரம் வாங்குகிறவர்கள் முதலில் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ராசி பார்ப்பார்கள். கொடுக்கும்போது முதலாளி, “நல்லது நடக்கட்டும்” என்று சொல்லிக் கொடுப்பது வழக்கம். கடையைத் தொடங்கியவர் தன் மனைவிக்கென்று செய்த பழைய வைர பிரேஸ்லெட் மட்டும் போன வீடுகளிலிருந்தெல்லாம் திரும்பி வந்தது. ஒரு வீட்டில் தீப்பிடித்தது. இன்னொரு வீட்டில், நன்றாக நடமாடிக்கொண்டிருந்த பெரியவர் தூக்கத்திலேயே போய்விட்டார். அப்புறம் அதை யாரும் தொடுவதில்லை.

அதைத்தான் வேண்டுமென்று கேட்டு வாங்கிப் போயிருந்தாள் சௌந்தரம். இன்று பெட்டியோடு வந்து, அதை மேசைமேல் திறந்து வைத்தாள்.

“ராசியில்லையாம்மா?” என்றார் முதலாளி வைத்தியலிங்கம்.

“ஒண்ணுமே நடக்கலைங்க. எங்க வீட்டுக்காரர் தலகாணிக்கு அடியிலதான் தெனமும் வெச்சேன். முதுகு பூரா புண்ணு. தண்ணிகூட எறங்க மாட்டேங்குது. விடிய விடிய முனகிக்கிட்டே கெடக்குறாரு.”

வைத்தியலிங்கத்துக்கு அப்போதுதான் விளங்கியது. பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். திறந்த பெட்டிக்குள் கற்கள், செய்த அன்றைக்குப் போலவே மின்னின. அவள் அவற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“அன்னிக்கு நீங்க பயந்துக்கிட்டு, எப்பவும் சொல்ற வார்த்தையச் சொல்லாமலே குடுத்துட்டீங்க” என்றாள். “இப்பச் சொல்லிக் குடுங்க.”