எக்கோ காட்டும் சிவப்பு

நேற்றிலிருந்து தம்பியின் படகைக் காணோம். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குக் கிழக்கே, கடலில் தன் படகில், மீன் காட்டும் எக்கோ கருவியின் திரையில் விழும் வெயிலை உள்ளங்கையால் மறைத்தபடி நிற்கிறான் அன்பழகன். கருவி காட்டுவது தண்ணீருக்கு அடியில் இருப்பதை மட்டும்தான். திரையில் தம்பியின் படகு தெரிந்தால் அது மூழ்கிவிட்டது. தெரியாவிட்டால் தம்பி எங்கோ மிதந்துகொண்டிருக்கலாம்.

"இது மீனுக்குச் செஞ்சதில்ல மச்சான். மொத உலக யுத்தத்துல, தண்ணிக்குள்ள ஒளிஞ்ச கப்பலத் தேட பிரெஞ்சுக்காரன் செஞ்சது. தப்பாது," என்கிறான் சுக்கான் பிடித்திருக்கும் தணிகாசலம்.

"வாய மூட்றா."

திரையின் அடியில், கீழே ஏதோ திரண்டு கிடப்பதைக் காட்டும் சிவப்பு ஏறுகிறது. "மீனு! வலைய எடு!" பழக்கத்தில் கத்திவிட்டு, தணிகாசலம் நாக்கைக் கடிக்கிறான்.

மீனாகவே இருக்கட்டும் என்று அன்பழகன் திரையை வெறிக்கிறான். அவர்கள் படகு திரும்பி அதே இடத்தின் மேல் மறுபடி போகிறது. மீன் என்றால் இந்நேரம் கலைந்திருக்கும். சிவப்பு அசையவில்லை. தணிகாசலம் இன்ஜினை நிறுத்துகிறான்.