ஏழாவது ஸ்லைடு

ஒன்பது மாடி படியேறி, வழக்கம்போல் மூச்சிரைக்க வகுப்புக்கு வந்தார் என்ஜினியர். உடம்பைப் பேணுகிற மனுஷன் என்று ஆங்கில டீச்சருக்கு அவர்மேல் தனி மதிப்பு.

"டீச்சர், நாளைக்கு கஸ்டமருங்க முன்னாடி பிரசன்டேஷன். ஏழாவது ஸ்லைடை மட்டும் யாரும் கேள்வி கேக்காம தாண்டிடணும்."

"அப்படி என்ன இருக்கு அதுல?"

"இத்துப்போன கம்பியோட போட்டோ. தோண்டித் துருவினாங்கன்னா என் வேலை காலி."

டீச்சர் சிரித்தாள். "இதுக்கா பயம்? 'இன் தி இன்ட்ரஸ்ட் ஆஃப் டைம், லெட்ஸ் மூவ் ஆன்'னு சொல்லுங்க. நேரமில்ல, அடுத்ததுக்குப் போவோம்னு அர்த்தம். ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க."

சரளமாக வரும்வரை இருபது தடவை சொல்ல வைத்தாள்.

மறுநாள் மாலை பேனா ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்தார்.

"உங்க வாய் முகூர்த்தம் டீச்சர்! ஒருத்தர்கூட கேக்கல."

வகுப்பு முடிந்து இருவரும் வெளியே வந்தார்கள். டீச்சர் லிஃப்டுக்குள் நுழைந்தாள்.

"இன்னிக்காவது இதுல வாங்களேன்."

அவர் முகம் வெளிறியது. "இல்ல டீச்சர்... நீங்களும் படியில..."

அதற்குள் கதவு மூடிக்கொண்டது. அவர் கழுத்து அட்டையில் தினமும் பார்த்த கம்பெனிப் பெயர், இத்தனை நாள் அவள் கண்ணில் படாமல், லிஃப்டின் சுவரிலும் பொறிக்கப்பட்டிருந்தது.

தலைக்கு மேலே கம்பி கிறீச்சிட்டது.