முந்நூற்று நாற்பத்தோராம் வரி

ராஜபாளையம் மில்லின் கம்ப்யூட்டர் அறையில் அன்று இருந்தவர்கள் மேனேஜர் சுப்புராஜ், புரோகிராம் எழுதிய தனுஷ்கோடி, டைப் அடிக்கும் பரிபூரணம்.

பிழை தேடும் டீபக்கர் எந்த வரியில் நிற்கிறதோ, அந்த வரியை, எழுதியதைத் திரையில் காட்டும் எடிட்டர் திறந்து காட்ட வேண்டும். வருகைப்பதிவு புரோகிராமில் அது காலையிலிருந்து 341-ஆம் வரியிலேயே நின்றது. தனுஷ்கோடி எழுதியதோ 340 வரிதான். எடிட்டர் வெறுமையைக் காட்டியது. டீபக்கர், எடிட்டர் இரண்டையும் அழித்து மறுபடி ஏற்றினான். அப்போதும் 341.

“இல்லாத வரியில எப்படிலே நிக்கும்? அஞ்சு மணிக்குள்ள சரியாகலன்னா நாளைக்கு வராத,” என்றார் சுப்புராஜ்.

“அதத்தான் சார் நானும் அதுகிட்ட கேக்கேன்.”

ஐந்து அடித்தது.

“போதும்லே, கெளம்பு. ஏம்மா பரிபூரணம், பதிவுலருந்து இவன் பேர எடுத்துரு.”

அவன் பெயரை நீக்க அவள் புரோகிராமின் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். டீபக்கரை ஓட்டினாள். அது 341-இல் நின்றது; எடிட்டர் பிசகாமல் அந்த வரியைத் திறந்தது.

“சரியாயிருச்சு சார்!”

தனுஷ்கோடி வெளியே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். சுப்புராஜ் கதவைச் சாத்திப் பூட்டினார்.