இரட்டை முடிச்சு

இந்த நாட்டின் உயர்கல்வி வரலாற்றில், ஷூவைக் கழற்றாமல் முனைவர் பட்டம் வாங்கப்போகும் முதல் மனிதன் அவன்.

இதை அவனேதான் சொன்னான். பல்கலைக்கழக கேன்டீனில், ஒரு தட்டு பஜ்ஜியின் முன்னால், முழு நிதானத்தோடு.

இப்போது மணி நாலு இருபது.

ஆய்வுப் பிரிவின் வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. ரப்பர் செருப்பு, வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு, யாரோ ஒரு பேராசிரியருடைய பளபளப்பான ஜோடி.

கழற்றச் சொல்லிப் பலகை கிடையாது. சுற்றறிக்கை கிடையாது. வாய்விட்டு யாரும் சொன்னதும் கிடையாது.

எல்லோரும் கழற்றினார்கள்.

அப்படிக் கழற்றியவர்களுக்கு அவன் ஒரு பெயர் வைத்திருந்தான். வெறுங்கால் டாக்டர்கள். நுனிவிரலில் அவர்கள் உள்ளே போவதையும், நாற்காலி இருந்தும் நிற்பதையும் கேன்டீனில் நடித்துக் காட்டுவான். தாவரவியல் பெனிட்டா ஒருமுறை சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டியிருக்கிறாள்.

இன்றைக்கென்றே புதுக் கறுப்பு ஷூ வாங்கியிருந்தான். நாடாவில் இரட்டை முடிச்சு. வேண்டுமென்றே.

மார்போடு ஆய்வேட்டின் நான்கு பிரதிகள். மேலே, பதினோரு கையெழுத்து வாங்கிய படிவம். அவனிடமிருந்து வரவேண்டிய பந்து எதுவும் இல்லை என்று விளையாட்டுத் துறைகூட எழுதிக் கொடுத்துவிட்டது.

பன்னிரண்டாவது கையெழுத்து உள்ளே இருந்தது. கண்காணிப்பாளர் கோமளவல்லி மேடத்தின் பேனாவில்.

ஐந்து மணியோடு அவனுடைய பதிவு காலாவதி. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது. ஐந்து அடித்து ஒரு நிமிடம் ஆனால், ஏழு வருடம் ஆய்வு செய்தவன் ஏழு வருடம் சும்மா இருந்தவன்.

காலை பத்தரைக்கு ஷூவோடு உள்ளே போனான்.

மேடம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

“உங்க ஃபைல் மேல போயிருக்கு. வெளிய வெயிட் பண்ணுங்க.”

பன்னிரண்டு மணிக்குப் போனான். ஃபைல் மேலேயே இருந்தது.

மூன்று மணிக்குப் போனான். ஃபைல் இன்னும் மேலே போயிருந்தது.

அந்தக் கட்டடத்துக்கு மாடி கிடையாது.

மூன்றரைக்கு பெனிட்டா வந்தாள். செருப்பை உதறிவிட்டு உள்ளே போனாள். ஏழு நிமிடத்தில் ஒப்புகைச் சீட்டோடு வெளியே வந்தாள். வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. அவனுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“கழட்டித் தொலையேன்டா.”

“கழட்டுறேன். உள்ள என்ன சாமி இருக்குன்னு சொல்லு.”

“சாமியெல்லாம் இல்ல. சீல் இருக்கு.”

“என்னோட நாலாவது இயலப் படிச்சிருந்தா இப்படிப் பேச மாட்ட.”

“நான் பாசி படிச்சவப்பா. எனக்கு அஞ்சு மணிதான் தெரியும்.”

நாலு நாற்பது.

சன்னல் வழியாக மேடம் தெரிந்தார். டிபன் பாக்ஸ் பைக்குள் போனது. தண்ணீர் பாட்டில் போனது. செல்போன் சார்ஜரைச் சுருட்டினார், அவசரமே இல்லாமல்.

காவலாளி அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு சன்னலாகச் சாத்திக்கொண்டு வந்தார்.

நாலாவது சன்னல்.

ஐந்தாவது.

அவன் பெனிட்டாவிடம் நான்கு பிரதிகளையும் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றாள்.

சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் தேவலை.

குனிந்தான்.

முடிச்சு வரவில்லை. நகத்தால் நெம்பினான். இன்னும் இறுகியது. குதிகாலை இழுத்தான். புது ஷூ காலைக் கவ்விக்கொண்டது. காலையில் இந்த முடிச்சைப் போட்டவன் எவ்வளவு உறுதியானவன் என்று இப்போதுதான் தெரிந்தது.

நாலு ஐம்பத்தொன்று.

தரையில் உட்கார்ந்தான். செருப்பு வரிசைக்கு நடுவில், உட்கார்ந்தே விட்டான். பல்லால் கடிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தான். அதற்குள் நாடா இளகியது.

ஷூக்களை வரிசையில் வைத்தான். ஊக்கு குத்திய செருப்புக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. பெனிட்டாவிடமிருந்து பிரதிகளை வாங்கிக்கொண்டான்.

உள்ளே போனான். சத்தமே வரவில்லை.

மேடம் காலைப் பார்த்தார். பிறகு, முதல் தடவையாக, முகத்தைப் பார்த்தார்.

மேசையின் இரண்டாவது இழுப்பறையைத் திறந்து அவன் ஃபைலை எடுத்தார்.

“தலைப்ப வாசிங்க சார். பதிவேட்டோட சரிபார்க்கணும்.”

அவன் தன் ஆய்வேட்டின் அட்டையைப் பார்த்தான். பொன்னெழுத்து. வாசித்தான்.

“கேக்கல. கொஞ்சம் சத்தமா.”

“காலணியும் பணிவும். தென்மாவட்டத் தெருக்களில் செருப்புத் தடையும்…”

மேடத்தின் விரல் பதிவேட்டில் ஒவ்வொரு சொல்லாக நகர்ந்து நின்றது.

“தடையும்?”

“எதிர்ப்பும், மேடம்.”

“எதிர்ப்பும். கரெக்ட்.”

கையெழுத்துப் போட்டார். முத்திரையை மையில் ஒற்றி எடுத்தார்.

அவன் காலுறையில் பெருவிரல் பக்கம் ஒரு ஓட்டை. இடது காலை வலது காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவன் உட்காரவில்லை.