நாலு மைனஸ், ஒரு ப்ளஸ்

கதவு இன்னும் ரெண்டு உதை தாங்கினால் அதிகம். டீம் அறைக்குள்ளே ஹெல்மெட் அலமாரிக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கிறேன்.

“வெளிய வாடா வெஸ்! பல்லை எண்ணி உன் கையிலயே குடுக்கிறோம்!” ஹாயிட் கத்துகிறான். அவனோடு இன்னும் மூன்று பேர்.

எங்கள் டெக்சஸ் ஃபுட்பாலில், பந்து எறிகிறவனுக்கு முன்னால் சுவராக நிற்பது எங்கள் ஐந்து பேரின் வேலை. நேற்றைய ஆட்டத்தில் அந்தச் சுவர் திறந்துகொண்டது. எதிரணித் தடியர்கள் பாய்ந்ததில், பந்து எறியும் ட்ரென்ட்டின் தொடை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

இன்று காலை கோச் ப்ரூயிட் வீடியோவைப் போட்டு, வழக்கம்போல ஆளுக்கு ஆள் மார்க் போட்டார். அந்த இடம் வந்ததும் நிறுத்தினார்.

“ஹாயிட், மைனஸ். உங்க மூணு பேருக்கும் மைனஸ். வேணும்னே விலகி நிக்கிறீங்களேடா! வெஸ் ஒருத்தன்தான் தடுத்திருக்கான், அவனுக்கு ப்ளஸ். நீங்க நாலு பேரும் டீமை விட்டு வெளிய போங்க!”

அந்த ப்ளஸை நான் வாங்கிக்கொண்டேன்.

மறுபடி ஓர் உதை. கீல் தெறித்து விழுகிறது.

“‘ட்ரென்ட் நம்மள ஊர் முன்னாடி பன்னிங்கன்னு திட்டுறான், ஒரே ஒரு தடவை வழியை விட்டு அவனை மண்ணைக் கவ்வ வைப்போம்’னு எங்ககிட்ட சத்தியம் வாங்கினது யாருடா?”

நான்தான். ஆனால் பந்து நகர்ந்ததும், மூன்று வருஷம் பழகிய கை எதிரே வந்தவனைத் தானாகவே தடுத்துவிட்டது. இதைச் சொன்னால் எவன் நம்புவான்?