ஜன்னலில் மார்த்தாண்டம்

ஜெசிந்தாவுக்கு வேலை எங்கேயோ, வீடும் அங்கே போகும். நர்சு வேலை ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் பதின்மூன்று வாரம். அதன் பின்வளாகத்தில் லாரி வீட்டை இறக்கி வைத்துவிட்டுப் போகும். பிள்ளைகள் ஏங்காமலிருக்க, அவளை வேலைக்கு அனுப்பும் கம்பெனி ஒரு சலுகையும் தந்திருந்தது. எந்த ஊரில் நின்றாலும், திரையாக மாறும் ஜன்னலில் சொந்த ஊரான மார்த்தாண்டத்துத் தெருவே நேரலையாகத் தெரியும்.

முதல் ஊர் ராஜஸ்தானின் பார்மேர். வந்து நான்கு நாளாகியும் ஏழு வயது மகள் அக்ஸா, எதிர்வீட்டுத் தோழி சஜினி தெரியும் அந்த ஜன்னலைவிட்டு நகரவில்லை.

அன்று முதல் டியூட்டி. ஜெசிந்தா தலைமுடியை வாரிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“எம்மா, சஜினி எங்கூட கோவமா இருக்கா. எத்தன தடவ கை காட்டினாலும் பாக்க மாட்டேங்கா.”

ஜெசிந்தாவின் கை சீப்போடு நின்றது. பிறகு அவள் ஜன்னலின் சுவிட்சை நோக்கிப் போனாள்.

“அணைக்காத ஜெசி, பிள்ள தாங்காது,” என்றான் கணவன் பெனட்.

“தாங்கணும். நானும் தாங்கணும்லா.”

மகளருகே குனிந்தாள். “கோவம் இல்ல மக்ளே. சஜினி கண்ணுக்கு நம்ம வீடு தெரியாது. நம்ம வீடு இப்போ அங்க இல்ல.”

தெரு அணைந்தது. கண்ணாடிக்கு அப்பால் வெயிலும் மணலும் ஐந்து மாடி ஆஸ்பத்திரிக் கட்டடமும் நின்றன. அக்ஸா அழவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அதுல உன் ஜன்னல் எது?”

“மூணாம் மாடி. கடைசி.”

பதினொரு மணிக்கு, ஒரு நோயாளிக்குக் கட்டு மாற்றி முடித்ததும், ஜெசிந்தா அந்த ஜன்னலுக்குப் போய்க் கையை உயர்த்தினாள்.

கீழே, சின்ன வீட்டின் ஜன்னலில், ஒரு கை ஏற்கெனவே உயர்ந்திருந்தது.